மிச்சமிருக்கும் நாலு சென்டிமீட்டர்

தாழ்த்திய காரில் சொகுசு குறையும் என்பது பயந்தாங்கொள்ளிகள் கட்டிவிட்ட கதை என்று நிறுவப் புறப்பட்டிருக்கிறார் நம் பாலக்காட்டுச் சிற்றூர் வட்டாரத்து வாகனப் பிரியர் ஒருவர். அவர் பெயரை எழுதுவதாக இல்லை. எனக்கு ஆளோடு வழக்கில்லை, வாதத்தோடுதான். ஆனால் அந்தக் கட்டுரையை நம்பி வண்டித்தாவளத்திலும் கன்னிமாரியிலும் இளைஞர்கள், வீட்டில் கடன் வாங்கி எடுத்துக் கொடுத்த ஸ்விஃப்டை ஓட்டிக்கொண்டுபோய் ஸ்பிரிங் வெட்டும் கட்டிங் வீலுக்கு முன்னால் நிறுத்தப்போகிறார்கள் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. நீலகேசிக் காப்பியத்தின் காலத்திலிருந்தே தமிழில் வாதுக்கு ஒரு முறை உண்டு. எதிராளியின் கூற்றை அவர் வைத்தபடியே முதலில் வைக்க வேண்டும், பிறகுதான் உடைக்க வேண்டும். அப்படியே செய்கிறேன்.

அவர் சொல்வதன் சாரம் இது. குற்றம் காருடையதல்ல, சாலையுடையது. ஸ்பிரிங் இறுகினால் வண்டி கட்டுக்குள் நிற்கும், ரேஸ் கார்களே அதற்குச் சாட்சி. ஸ்பிரிங்கை வெட்டுவதும், தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்கை வாங்கிப் போடுவதும் ஒன்றுதான், காசில்தான் வித்தியாசம். அப்படியும் கொஞ்சநஞ்சம் குலுங்கினால் டயரில் காற்றைக் குறைத்து, சீட்டில் தடித்த ஃபோம் வைத்தால் தீர்ந்தது. கடைசியாக, இதையெல்லாம் தடுக்கிற மோட்டார் வாகனத் துறையை எதிர்த்து நிற்பது பிளாச்சிமடையின் போராட்ட மரபு.

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவை தவறுகள், இது அவமரியாதை. பிளாச்சிமடை இருக்கும் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் 2000-இல் கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்; மயிலம்மா போன்ற பெண்கள் அந்தப் பந்தலின் முகமானார்கள். 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அவர்கள் கேட்டது குடிக்கிற தண்ணீர். இவர் கேட்பது பம்பருக்கும் தாருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தண்ணீருக்காகக் கூலிவேலையை விட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்த கிழவிகளைத் தன் காரின் வீல் ஆர்ச்சுக்கு வக்காலத்துக்குக் கூப்பிட ஒரு மனிதருக்கு எப்படி மனம் வருகிறது? சொந்தமாக ஆதாரம் இல்லாத வாதம்தான் ஊரின் தியாகத்தை வாடகைக்கு எடுக்கும். அந்த வாதத்தின் தரத்தை அறிய இந்த ஒரு வரியே போதும், ஆனாலும் மற்றவற்றுக்கும் போவோம்.

சாலை மோசம் என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாலை மோசம்தான், யார் மறுத்தது? சிற்றூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கேரளத்தில் வேறெங்கும் எளிதில் காணாத கரிசல் மண் கிடக்கிறது. மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலே எத்தனை தரம் தார் போட்டாலும் அடிமண் அசைந்துகொண்டே இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலைகளாகச் சாலை எழும்பித் தாழும். அதன்மேல் முதலமடை மாங்காய் லாரிகள், விடியுமுன் பறக்கிற கள்ளு வண்டிகள், மூலத்தறையிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் மேல் திடீரென்று முதுகு தூக்கி நிற்கும் சிறுபாலங்கள். இது நேற்று வந்த நிலைமை அல்ல, கட்டுரையாளர் கார் வாங்குவதற்கு முன்பே இருந்தது. அப்படியானால் அவருடைய முதல் வாதத்தின் நியாயமான முடிவு என்னவாக இருக்க வேண்டும்? சாலை சரியாகும்வரை காரைத் தாழ்த்தாதே என்பதுதானே? அவரோ சாலையைப் பழித்த கையோடு காரைத் தாழ்த்தச் சொல்கிறார். அதோடும் விடவில்லை. இரண்டு பத்தி தள்ளி, இதே மீனாட்சிபுரம் சாலையில் தன் தாழ்த்திய கார் எண்பதில் வழுக்கிக்கொண்டு போகிறது என்று பெருமையடிக்கிறார். ஏனுங்க, சாலை உடைந்து கிடக்கிறதா, இல்லை உங்கள் கார் வழுக்குகிறதா? ஒன்றைச் சொல்லுங்கள், அதற்குப் பதில் சொல்கிறேன்.

அந்த அலைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. வாசகர் பொறுத்துக்கொள்வார், கட்டுரையாளர் தவிர்த்த கணக்கு இது. சாலையின் ஓர் அலை 12 மீட்டர் நீளம் என்று வையுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் நொடிக்கு 1.4 முறை தூக்கிப் போடப்படும். சாதாரணக் காரின் உடல் தன் ஸ்பிரிங்குகளின் மேல் இயல்பாக ஆடுவதும் நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை முறைதான். இரண்டும் ஒத்துப்போகும்போது ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சார்பர் ஒன்றுதான் கதி. ஒட்டுப்போட்ட பள்ளங்கள் இரண்டு மீட்டருக்கு ஒன்று வந்தால், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏழு அடி. மனித உடல் மேலும் கீழுமான அதிர்வைத் தாங்க மிகவும் சிரமப்படுவது நொடிக்கு நாலிலிருந்து எட்டு வரையான இந்த வரம்பில்தான். வயிறும் முதுகுத்தண்டும் அங்கேதான் கூடவே ஆடும். ஆக, கரிசல் மண் காரின் உடலை ஆட்டுகிறது, ஒட்டுப்பள்ளம் நம் உடலை ஆட்டுகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை. இரண்டையும் ‘குலுக்கல்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, அதற்கு ஒரே மருந்தாக இறுகிய ஸ்பிரிங்கை நீட்டுகிறவருக்கு நோயும் தெரியவில்லை, மருந்தும் தெரியவில்லை.

இப்போது அந்த மருந்தைப் பார்ப்போம், ஏனென்றால் அவருடைய வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சக்கரம் மேலேறி உள்ளே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும்வரை உள்ள தூரத்தைப் பட்டறையில் ட்ராவல் என்பார்கள். ஒரு சிறிய காரில் அது 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கை வெட்டி 4 சென்டிமீட்டர் இறக்கினால் மிச்சம் 4. பள்ளத்திலிருந்து வரும் அடியோ அதே அடி. ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அதன் இறுக்கத்தையும், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது என்பது பிளஸ் ஒன் பாடம். தூரம் பாதியானால், அதே அடியை முட்டாமல் விழுங்க ஸ்பிரிங் நாலு மடங்கு இறுக வேண்டும். நாலு மடங்கு இறுகினால் நொடிக்கு 1.2 முறை ஆடிய கார் 2.4 முறை ஆடும். அதன் பெயர் கார் அல்ல, கட்டைவண்டி. சரி, அவர் பரிந்துரைக்கிற வெட்டிய ஸ்பிரிங் எவ்வளவு இறுகுகிறது? ஆறு சுற்றில் ஒரு சுற்றை வெட்டினால் இறுக்கம் ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் ஏறும், அதாவது இருபது சதவீதம். நாலு மடங்கு வேண்டிய இடத்தில் ஒன்றேகால் மடங்குகூட இல்லை! மீதி அடியை யார் வாங்குவது? அந்த ரப்பர் துண்டு வாங்குகிறது, அதற்குப் பின்னால் இருக்கிற பாடி வாங்குகிறது, அதற்கும் பின்னால் நம் இடுப்பு வாங்குகிறது. தன் கார் ‘இறுக்கமாக’ ஓடுகிறது என்று அவர் சிலாகிப்பது ஸ்பிரிங்கின் இறுக்கத்தையே அல்ல. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி ரப்பரில் மோதும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அதைக் கட்டுப்பாடு என்று எழுதியிருக்கிறார். தன் காரில் என்ன நடக்கிறது என்பதே தெரியாத ஒருவர் அடுத்தவர் காருக்கு வைத்தியம் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

ரேஸ் கார்களைச் சாட்சிக்கு இழுக்கிறார். அந்தச் சாட்சி அவருக்கு எதிராகத்தான் பேசும். 1962-இல் வந்த லோட்டஸ் எலான் வளைவுகளில் பிடித்து நிற்பதற்கு இன்றும் உரைகல்லாகச் சொல்லப்படும் கார். அதன் ஸ்பிரிங்குகள் மென்மையானவை, சக்கர அசைவு நீளமானது, கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டது ஷாக். ஃபார்முலா ஒன் கார்கள் தரையோடு தரையாக இறுகி ஓடின என்றால், அவை ஓடியது மேஜைபோல் தளம் போட்ட தடத்தில். அங்கும்கூட 2021 வரை 13 அங்குல ரிம்மில் உயரமான ரப்பர் பக்கச்சுவர்தான் அதிர்வில் பெரும்பங்கை விழுங்கியது. தாழ்வாக இருந்தும் மெத்தையாக ஓடிய சிட்ரோன் டிஎஸ்ஸையும் சாட்சிக்கு நிறுத்துகிறார். 1955-இல் பாரிஸில் அறிமுகமான அந்தக் காரில் ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜன் அடைத்த குண்டுகளும் அழுத்தமேற்றிய எண்ணெயும் இருந்தன. ஆள் ஏறினால் தானே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும், மோசமான பாதை வந்தால் ஓட்டுநர் ஒரு நெம்புகோலைத் தள்ளி வண்டியையே தூக்கிக்கொள்ளலாம். ட்ராவலை விட்டுக்கொடுக்காததால்தான் டிஎஸ் மென்மையாக ஓடியது. ட்ராவலை அறுத்துப் போட்டவர் அதைத் தன் முன்னோடி என்பது என்ன தர்க்கம்? நம் அம்பாசிடரையே பார்க்கலாமே. முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங், நாலு பக்கமும் உயரமான டயர். அழகுப் போட்டியில் அது ஜெயிக்காது, ஆனால் கல்யாணத்துக்கு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய் வந்தது.

வெட்டுவதும் வாங்கிப் போடுவதும் ஒன்று என்பது அவருடைய மூன்றாவது கண்டுபிடிப்பு. கம்பெனி ஸ்பிரிங்கின் நுனி, தான் உட்காரும் கிண்ணத்துக்கு ஏற்ப வளைத்து முடிக்கப்பட்டிருக்கும். வெட்டிய நுனி கூராக நிற்கும். ஒரே புள்ளியில் அழுத்தும், கிண்ணத்தைத் தின்னும், வண்டி ஒரு மேட்டில் துள்ளிச் சக்கரம் தொங்கும்போது இடம் பெயரும். கட்டிங் வீலுக்குப் பதில் கேஸ் வைத்து வெட்டினாலோ, சூடேற்றி அமுக்கினாலோ இரும்பின் பதமே போய்விடும். பழைய ஷாக்கைப் புது உயரத்தில் ஓடவிட்டால் அதன் பிஸ்டன் எப்போதும் அடிப்பக்கத்திலேயே வேலை செய்து, சீக்கிரமே எண்ணெய் கசியும். இத்தனைக்கும் மேலே, நம் பையன்கள் முன்பக்கத்தை அதிகமாக வெட்டுவார்கள், மூக்கு தாழ்ந்து நின்றால்தான் பார்வைக்கு எடுப்பு என்று. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி, முன்பக்கமும் பின்பக்கமும் எப்படி ஆட வேண்டும் என்ற கேள்விக்கென்றே எடைகளை நகர்த்தி நகர்த்திச் சோதிக்கும் காரைக் கட்டி ஒரு முடிவுக்கு வந்தார்: முன்பக்கம் மெதுவாகவும், பின்பக்கம் அதைவிடச் சற்று வேகமாகவும் ஆட வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் மேட்டில் ஏறி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் பின்சக்கரம் ஏறும். பின்பக்கம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், வண்டி சமமாக எழுந்து அமரும். முன்பக்கத்தை வெட்டி இறுக்கினால் இந்த ஒழுங்கு தலைகீழாகும். மூக்கும் வாலும் மாறி மாறிக் குத்திக்கொண்டே போகும். பின்சீட்டில் இருக்கிற பாட்டிக்குக் கோவிந்தாபுரம் வருவதற்குள் வாந்தி வரும். தொண்ணூறு வருடமாகத் தெரிந்த செய்தி இது. கட்டுரையாளருக்கு மட்டும் சேரவில்லை.

டயர் விஷயத்தில் அவர் தன் வாதத்தைத் தானே வெட்டிக்கொள்கிறார். முதலில் 205/45 அளவில் 17 அங்குல அலாய் போடச் சொல்கிறார். கம்பெனி தந்த 185/65, 15 அங்குலத்தில் ரப்பரின் பக்கச்சுவர் 12 சென்டிமீட்டர். அவர் சொல்வதில் 9. டயர்தான் காரின் முதல் ஸ்பிரிங், அதில் கால்வாசியைக் கழற்றி எறிந்துவிட்டு, அடுத்த பத்தியில் அதே டயரில் காற்றைக் குறைத்து மென்மையைத் தேடுகிறார். குறைந்த காற்றில் அந்த 9 சென்டிமீட்டர் மடங்கி, பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கினால் டயரின் பக்கம் புடைக்கும், ரிம் நெளியும், நெடுஞ்சாலை வேகத்தில் டயர் கொதிக்கும். ஒரு கையால் எடுத்ததை மறு கையால் பிச்சையாகப் போடுவதற்கு எதற்கு எடுக்க வேண்டும்? ஃபோம் விஷயமும் அப்படியே. இறுகிய ஸ்பிரிங்கால் சொகுசு குறைவதே இல்லை என்று மூன்று பக்கம் வாதாடியவர் நாலாம் பக்கத்தில் சீட்டுக்குத் தடித்த ஃபோம் எதற்கு வாங்குகிறார்? குறையாத சொகுசை எதைக் கொண்டு நிரப்புகிறார்?

வேகத்தடையைப் பற்றி ஒரே வரியில் தாண்டிப் போகிறார், அது அவருக்கு வசதி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் ஸ்விஃப்ட் அளவுள்ள கார் நடுவே வரும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும், வயிற்றுக்குத் தேவைப்படுவது ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான இடம். அப்படிப்பட்ட வேகத்தடையை அவர் எந்த ஊரில் கண்டார்? நம் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலும் கோயில் முக்கிலும் இருப்பவை ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழுப்பியவை. முன்சக்கரம் இறங்கிய பிறகு முழு மேடும் வயிற்றுக்கடியில் நிற்கும். ஆயில் சேம்பர் தட்டினால் எண்ணெய் தாரில் கோடு போடும், அடுத்த கிலோமீட்டரில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க அடியில் இரும்புத் தகடு போடுங்கள் என்கிறார். தகடும் சேர்ந்து இன்னும் ஒரு விரல் தாழும் என்பதை யார் சொல்வது?

இவ்வளவு முரண்பாடு ஒருவருக்கு அறியாமையால் மட்டும் வராது. கட்டுரை முழுவதும் ஒரே இடத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது, ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து. ஓட்டுகிறவர் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்காருகிறார், மூக்கும் வாலும் குத்தும் ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிவது அங்கேதான். பிடித்துக்கொள்ள வட்டம் இருக்கிறது, வரப்போகும் பள்ளம் முன்கூட்டியே கண்ணில் படுகிறது, உடம்பு தயாராகிறது. பின்சீட்டில் இருப்பவர் பின்அச்சுக்குப் பக்கத்தில், எதையும் பார்க்காமல், எல்லா அடியையும் எதிர்பாராமல் வாங்குகிறார். அவர் யார்? பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப்படும் அப்பா, பிரசவ நாள் எண்ணும் மனைவி, தூங்கும் குழந்தை. அவர்களில் ஒருவருடைய வார்த்தையாவது அந்தக் கட்டுரையில் உண்டா? ‘யாரும் புகார் சொன்னதில்லை’ என்கிறார். வீட்டில் கார் வைத்திருக்கிறவனிடம் யார் புகார் சொல்வார்கள்? வெட்டுகிற பட்டறைகளுக்கோ இதில் இரட்டை வரவு. வெட்டுக்கூலி முதலில், மூன்றாம் மாதத்திலிருந்து லிங்க் ராடும் புஷ்ஷும் கசியும் ஷாக்கும். அவர் கட்டுரை அந்த வரவைப் பற்றி மூச்சே விடவில்லை.

தாழ்ந்து நிற்கும் காரின் அழகை நான் மறுக்கவில்லை. பிடிக்கும் என்பதால்தான் இவ்வளவு கோபம். தாழ்த்தியே தீருவேன் என்பவருக்கு நேர்மையான பதில் இருக்கிறது. இந்த மண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர், மிஞ்சிப் போனால் இரண்டரை. ஸ்பிரிங்கும் அதற்கென்றே நீளம் குறைத்த ஷாக்கும் ஒரே ஜோடியாக வர வேண்டும். அமுங்கிய ஷாக் மீண்டும் நீளும் வேகத்தை மிகவும் அடக்கினால், அடுத்தடுத்து வரும் பள்ளங்களில் சக்கரம் கீழே வரவே நேரமில்லாமல் வண்டி படிப்படியாக அமுங்கிக்கொண்டே போகும். ஒட்டுப்போட்ட சாலைக்கு இந்த அடக்கத்தைத் தளர்த்த வேண்டும். கடினமான பம்ப் ஸ்டாப்பை எடுத்துவிட்டு நுண்துளைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரையில் செய்ததைப் போட்டால் முட்டல் ஒரே அடியாக இல்லாமல் கொஞ்சங்கொஞ்சமாக ஏறும், ஆனால் முழுதும் அமுங்கும்போது டயர் ஆர்ச்சில் உரசாது என்று ஜாக்கி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். 15 அங்குலத்தையும் அதன் பக்கச்சுவரையும் கைவிடாதீர்கள். லோயர் ஆர்மில் ரப்பர் புஷ்ஷே இருக்கட்டும். தாழ்த்திய அன்றே வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும். ஆனால் அதிகம் தாழ்த்தி ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால் அதனாலும் தீராது, ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். வண்டியும் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாயக்கூடும். தாழ்த்தினால் சாயாது என்று எழுதிய கட்டுரையாளர் இதையும் குறித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நாலு சென்டிமீட்டர் வெட்டியாகிவிட்டது என்றால், அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங்குக்குத் திரும்புவதைவிட மலிவான சொகுசு இல்லை.

சட்டத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது 182ஏ பிரிவு. நான் சொன்ன இரண்டு சென்டிமீட்டரும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியதுதான். சட்டமே இல்லையென்றாலும் ஸ்பிரிங்கின் கணக்கு மாறாது.

கட்டுரையாளர் இதற்கும் பதில் எழுதுவார், எழுதட்டும். அதற்கு முன் ஒன்று செய்யட்டும். பின்பக்க ஷாக்கின் தூசி உறையைத் தூக்கிவிட்டு, பளபளக்கும் தண்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையை இறுக்கிக் கட்டி, அதை ஷாக்கின் கழுத்துவரை கீழே தள்ளி வைக்கட்டும். பின்சீட்டில் வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வண்டித்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரத்துக்கு அவர் பெருமையடித்த அதே வேகத்தில் போகட்டும். இறங்கியதும் அந்த டை தண்டில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, அதற்கு மேல் பம்ப் ஸ்டாப்வரை எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்று அளந்து, பின்சீட்டில் வந்த மூன்று பேரும் சொன்னதையும் சேர்த்து, அடுத்த கட்டுரையின் முதல் பத்தியில் போடட்டும்.